தாத்தாவின் பட்டாள வாழ்க்கையை ஒரே பிரேமில் வைப்பது எப்படி? படம், பதக்கம், கடிதம், சட்டை

1962-ல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து 1979-ல் ஹவில்தாராக ஓய்வுபெற்ற தாத்தாவின் நினைவாகக் கூடத்தில் மாட்ட ஒரு பிரேம் செய்ய வேண்டும். கையில் இருப்பவை: யூனிஃபார்மில் எடுத்த ஒரு பாஸ்போர்ட் அளவு படம், பயிற்சி முடிந்தபோது எடுத்த குரூப் போட்டோ, தகர டப்பாவில் ஏழு பதக்கங்கள், தொப்பி பேட்ஜ், ஒரு ஓ.ஜி. (ஆலிவ் பச்சைப் பட்டாளச்) சட்டை, பாட்டிக்கு எழுதிய இன்லேண்ட் கடிதங்கள், டிஸ்சார்ஜ் புக். இவற்றை எல்லாம் ஒட்டி ஒரே பிரேமுக்குள் கொண்டுவருவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

"ஒட்டி" என்ற சொல்லை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள். இந்தப் பிரேமில் அசல் பொருள் எதுவும் பசையைத் தொடக் கூடாது. இருபது வருஷம் கழித்து உங்கள் பேரன் பின்பக்கத்தைத் திறந்து, நூலை வெட்டி, ஒவ்வொன்றையும் இன்று இருக்கிற நிலையிலேயே வெளியே எடுக்க முடிய வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு கட்டுப்பாட்டிலிருந்து வருபவைதான்.

அதனால் பொருள்களை இரண்டாகப் பிரியுங்கள். காகிதம் எல்லாம் ஒரு பக்கம். உலோகமும் துணியும் இன்னொரு பக்கம். காகிதத்தில் அசல் எதுவும் பிரேமுக்குள் போகாது, நகல் மட்டுமே. உலோகமும் துணியும் அசலாகவே போகலாம். டிஸ்சார்ஜ் புக்கையும் பென்ஷன் ஆர்டரையும் அலங்காரப் பொருளாக நினைக்கவே வேண்டாம். பாட்டியின் குடும்ப பென்ஷன், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கும் உதவிகள் எல்லாவற்றுக்கும் அவைதான் ஆதாரம். அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து, படை எண்ணை மறைத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். பென்ஷன் எண், படை எண் தெரியும் படத்தை வாட்ஸாப்பிலும் போடாதீர்கள். பென்ஷன்தாரர்களைக் குறிவைத்து மோசடி செய்பவர்களுக்கு அது போதும்.

ஸ்கேன் செய்வதில் அவசரம் கூடாது. பாஸ்போர்ட் படம் 35 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரம். 1200 டி.பி.ஐ.-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தால் சுமார் 1650க்கு 2125 பிக்சல் கிடைக்கும். 300 டி.பி.ஐ.-யில் அச்சிட்டால் ஐந்தரை அங்குலத்துக்கு ஏழு அங்குலம். ஆகவே 5×7 அங்குலம்தான் இந்தப் படத்தின் நேர்மையான எல்லை. ஸ்டூடியோவில் 12×18 போட்டுத் தருகிறேன் என்பார்கள். முகம் பெரிதாகாது, பேப்பரின் சொரசொரப்புதான் பெரிதாகும். குரூப் போட்டோ பெரிய அளவில் இருப்பதால் 600 போதும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலர் முறையிலேயே ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். கலர் ஸ்கேனில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்கு (சேனல்) இருக்கும். பழைய படத்தில் படிந்த மஞ்சள் கறை நீல சேனலில்தான் கறுப்பாகத் தெரியும். சிவப்பு சேனலை மட்டும் எடுத்தால் பாதிக் கறை தானே போய்விடும். கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்துவிட்டால் இந்த வாய்ப்பே இல்லை.

பழைய பிரேமில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். ஈரத்தில் படத்தின் மேலிருக்கும் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். ஓரங்களில் வெள்ளி போலப் பளபளப்பு ஏறிய படத்தை ஸ்கேனரில் வைத்தால் நீலப் படலமாக வரும். அதை ஜன்னலோரம் வைத்து, ஒளி பக்கவாட்டில் 45 டிகிரியில் விழும்படி செய்து, கேமராவை நேர் மேலே நிறுத்தி எடுப்பது மேல்.

ஸ்கேன் முடிந்ததும் படம் இடவலமாகப் புரண்டிருக்கிறதா என்று பாருங்கள். ரிப்பன்களும் பதக்கங்களும் அணிந்தவரின் இடது மார்பில் இருக்க வேண்டும். பெயர்ப் பட்டை வலது பக்கம். ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வரும். நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்ட படங்கள் நிறைய வீடுகளில் மாட்டியிருக்கின்றன, யாரும் கவனிப்பதில்லை. பட்டாளத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தால் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஏ.ஐ. செயலிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மங்கலான முகத்தைத் தெளிவாக்கிக் காட்டும்போது அது உங்கள் தாத்தாவின் முகத்தை மீட்பதில்லை. அந்த இடத்தில் பொருந்தக்கூடிய வேறு ஒரு முகத்தை வரைகிறது. பாட்டியிடம் காட்டினால் "யாரோ மாதிரி இருக்கே" என்பார். தொப்பி பேட்ஜைக் குழப்பும், பெயர்ப் பட்டையில் எழுத்து போன்ற எதையோ கிறுக்கும், ரிப்பனுக்குத் தன் இஷ்டத்துக்கு நிறம் பூசும். கீறலையும் புள்ளியையும் கையால் நீக்குங்கள். கண், மூக்கு, வாய், மார்பு இந்த நான்கையும் தொடாதீர்கள். நிறம் ஏற்றவும் வேண்டாம். பிரேமுக்குள் அசல் ரிப்பன்கள் தங்கள் நிறத்தோடு இருக்கப் போகின்றன. கறுப்பு வெள்ளை முகத்துக்குக் கீழே அவை தனித்து எழும்.

முகப்படத்தை 200 ஜி.எஸ்.எம்.-க்குக் குறையாத மேட் காட்டன் பேப்பரில் பிக்மென்ட் இங்க் பிரிண்டரில் அச்சிடச் சொல்லுங்கள். கடைக்காரருக்கு எந்த இங்க் என்று தெரியவில்லையா? ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, ஈர விரலால் தேயுங்கள். கரைந்தால் டை இங்க். நம்மூர் ஈரத்துக்கும் வெளிச்சத்துக்கும் சில வருஷங்களில் வெளிறும்.

இப்போது பதக்கங்கள். முதல் வேலை அவற்றின் விளிம்பைப் படிப்பது. சுதந்திரத்துக்குப் பிந்தைய இந்திய ராணுவப் பதக்கங்களின் விளிம்பில் படை எண், ரேங்க், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஒவ்வொன்றையும் சுழற்றிப் படம் எடுங்கள். பிரேமுக்குள் போனபின் அந்த விளிம்பு யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு பதக்கத்தில் சிப்பாய் என்றும் இன்னொன்றில் நாயக் என்றும் இருந்தால் பிழை என்று எண்ண வேண்டாம். அந்தந்தக் காலத்து ரேங்க் அது.

நீங்கள் சொன்ன காலத்துக்கு ஏழு பதக்கம் என்பது சரியாகப் பொருந்துகிறது. அணியும் வரிசை இப்படி வரும்: 1965 போர்க்களத்தில் இருந்ததற்கான சமர் சேவா ஸ்டார், 1971-ல் கிழக்கு முனையில் இருந்திருந்தால் பூர்வி ஸ்டார், மேற்கு முனையானால் பஷ்சிமி ஸ்டார், அடுத்து 1965-க்கான ரக்ஷா மெடல், 1971-க்கான சங்க்ராம் மெடல், ஜம்மு காஷ்மீர், நேஃபா (இன்றைய அருணாசலப் பிரதேசம்) போன்ற கடினமான இடங்களில் பணியாற்றியதற்கான சைன்ய சேவா மெடல், 15.8.1972 அன்று பணியில் இருந்தவர்களுக்குத் தந்த சுதந்திர வெள்ளிவிழா மெடல், கடைசியில் ஒன்பது ஆண்டுப் பணி மெடல். சைன்ய சேவா மெடலின் ரிப்பன் மேல் ஒரு உலோகப் பட்டை இருக்கும். எந்தப் பகுதியில் பணி என்பதை அதுதான் சொல்லும். கழன்று டப்பாவின் அடியில் கிடக்கலாம், தேடுங்கள். மிக மதிப்புள்ளது நெஞ்சின் நடுவுக்கு அருகில் இருக்க வேண்டும். அதாவது பிரேமைப் பார்க்கிறவரின் இடக்கைப் பக்கம் தொடங்கி வலப்பக்கம் போக வேண்டும். சந்தேகம் வந்தால் அவரே எல்லாவற்றையும் குத்திக்கொண்டு எடுத்த படம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் படை எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம். கடையில் பார்த்த அழகான பதக்கம் ஒன்றை வாங்கி இடைவெளியை நிரப்புவது மட்டும் வேண்டாம். அவர் பெறாத ஒன்றை அவர் மார்பில் குத்துவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தாத்தாவுக்குப் பதில் கொள்ளுத்தாத்தா, இரண்டாம் உலகப் போர் என்றால் வரிசை வேறு: 1939–45 ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், பர்மா ஸ்டார், இத்தாலி ஸ்டார், பிறகு டிஃபென்ஸ் மெடல், வார் மெடல், இந்தியா சர்வீஸ் மெடல். இவற்றில் பெயர் பொறித்திருக்காமலும் போகலாம். ரிப்பனின் திசையும் முக்கியம்: 1939–45 ஸ்டாரில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்று மூன்று பட்டை, கருநீலம் பார்ப்பவரின் இடப்பக்கம் வர வேண்டும். ஆப்பிரிக்கா ஸ்டாரிலும் கருநீலக் கோடு அதே பக்கம்தான். பழைய படத்தைப் பார்த்து ரிப்பனை அடையாளம் காண முயல்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து ஆர்த்தோ ஃபிலிம் சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளிறியும் காட்டும்; கண்ணால் கணக்குப் போட்டால் தலைகீழாகிவிடும். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைத் தேடுங்கள். பர்மாவில் மறைந்து கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் தௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. அந்தப் பெயர்ப் பலகையின் படம் கிடைத்தால் பிரேமில் கடிதத்துக்கு நிகரான இடம் அதற்கு உண்டு. சுதந்திரத்துக்குப் பின் களத்தில் வீழ்ந்தவர்களின் பெயர்கள் டெல்லியில் 2019-ல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

பதக்கத்தைத் தேய்க்கவே கூடாது. புளி, எலுமிச்சை, திருநீறு, பற்பசை, பித்தளை பாலிஷ் எதுவும் ஆகாது. ஒவ்வொரு தேய்ப்பிலும் ஒரு படலம் உலோகம் போகும். முதலில் மறைவது விளிம்பில் இருக்கும் பெயர்தான். கறுத்த நிறம் அதன் வயது, அப்படியே விடுங்கள். பச்சைப் பொடி பூத்திருந்தால் மட்டும் மூங்கில் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரல் வியர்வையின் உப்பு உலோகத்தில் ரேகையாகவே பதிந்துவிடும். ரிப்பன் கிழிந்து இற்றுப்போயிருந்தால் அதே வகையில் புதிய ரிப்பன் வாங்கி மாட்டிவிட்டு, பழையதை உறையில் போட்டு எழுதி வையுங்கள்.

ரிப்பன் அகலம் 32 மி.மீ. ஏழும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் 22.4 செ.மீ. பதக்கத்தோடு சேர்த்து உயரம் சுமார் 10 செ.மீ. இந்த அளவுதான் பிரேமின் அளவைத் தீர்மானிக்கும். உள்ளளவு 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் வையுங்கள். நடுவில் மேலே 5×7 முகப்படம், அதற்குக் கீழே பதக்க வரிசை, இடப்பக்கம் குரூப் போட்டோ, வலப்பக்கம் கடிதம், பதக்கங்களின் ஒரு பக்கம் தொப்பி பேட்ஜ், மறுபக்கம் பெயர்ப் பட்டை (கிடைத்தால்), அடியில் பெயர் பொறித்த தகடு. மேலே 5 செ.மீ., படத்துக்கும் பதக்கத்துக்கும் இடையே 4 செ.மீ. காலியாக விடுங்கள். கையில் இருப்பதை எல்லாம் திணிக்கும் ஆசை வரும். கடிதங்கள் இருபது இருந்தாலும் பிரேமில் ஒன்றுதான்.

கண்ணாடிக்கும் அடிப்பலகைக்கும் நடுவே 35 மி.மீ. ஆழம் தேவை. சாதாரணப் போட்டோ பிரேம் இதற்கு ஆகாது. "உள்ளே ஒன்றரை அங்குலம் ஆழம் உள்ள பெட்டி பிரேம்" என்று பிரேம் கடையில் சொல்லுங்கள். அடிப்பலகைக்கு அவர்கள் எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) அல்லது ப்ளைவுட்தான் எடுப்பார்கள். இரண்டிலிருந்தும் அமில ஆவி கிளம்பும். மூடிய பெட்டிக்குள் அதற்குப் போக்கிடம் கிடையாது, உலோகத்தையும் காகிதத்தையும்தான் தின்னும். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் 3 மி.மீ. ஏ.சி.பி. ஷீட் கிடைக்கும்: இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக். ஆவி விடாது, வளையாது, கரையான் தொடாது, டிரில் போட எளிது. மரச்சட்டத்தின் உட்புறம் முழுக்க அலுமினிய டேப் ஒட்டி மூடிவிடுங்கள். வெளியே தேக்கு பளபளக்கட்டும், உள்ளே மரம் திறந்திருக்க வேண்டாம். கம்பளி வெல்வெட், ரப்பர் ஃபோம் இரண்டும் கந்தகம் விடும், வெள்ளி கறுக்கும். ஒரு துணியையோ அட்டையையோ நம்பலாமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். துண்டு ஒன்றை, பளபளக்கத் துடைத்த வெள்ளி நாணயத்தோடும் செம்புக் கம்பியோடும், ஈரப் பஞ்சு ஒன்றையும் வைத்து, கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடிச் சூடான இடத்தில் நான்கு வாரம் வையுங்கள். இன்னொரு பாட்டிலில் துணி இல்லாமல் மற்றவை. முதல் பாட்டிலில் மட்டும் உலோகம் மங்கினால் அந்தத் துணி வேண்டாம்.

பின்னணித் துணிக்கு அந்த ஓ.ஜி. சட்டையை வெட்டலாமா என்று கேட்பீர்கள். ஒரே சட்டைதான் என்றால் வெட்டாதீர்கள். இன்னொரு வழி இருக்கிறது: சட்டையை வெட்டாமல், இடது பாக்கெட் முகப்பில் வரும்படி ஏ.சி.பி. பலகையைச் சுற்றி மடித்து, பதக்கங்களை அந்தப் பாக்கெட்டுக்கு மேலேயே, அவர் குத்தியிருந்த இடத்திலேயே வைப்பது. இதற்கு 60 மி.மீ. ஆழம் வேண்டும், முகப்படத்தைப் பக்கத்துக்கு நகர்த்த வேண்டியிருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்த அமைப்புகளில் இதைவிட மனதைத் தொடுவது வேறில்லை. பட்டாளச் சட்டை என்றால் கஞ்சி போட்டிருக்கும். கஞ்சி என்றால் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் தேடி வரும். முதலில் ஈர வெள்ளைத் துணியால் உள்மடிப்பை ஒற்றிச் சாயம் போகிறதா பாருங்கள். போகவில்லையென்றால் வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். சோப்பு வேண்டாம். சட்டை வேண்டாம் என்றால் கஞ்சி நீங்க அலசிய காடா துணி நல்ல பின்னணி. தேசியக் கொடியைப் பின்னணியாக விரிக்கும் பழக்கம் ஒன்று பரவுகிறது. கொடி விதிகளின்படி கொடியைத் திரையாகவோ விரிப்பாகவோ பயன்படுத்தக் கூடாது, அதன்மேல் எழுத்து எதுவும் வரக் கூடாது. பட்டாளத்துக்காரர் ஒருவரின் நினைவில் கொடியை வெட்டுவதோ குத்துவதோ பொருத்தமே இல்லாதது.

குரூப் போட்டோவைத் துணியில் ஏற்றினால் பிரேமுக்கு ஒரு இழைப்பு வரும். இதற்கு டோனர் அச்சு வேண்டும், அதாவது ஜெராக்ஸ் அல்லது லேசர் பிரிண்ட், இங்க்ஜெட் கரைந்துவிடும். படத்தைக் கணினியில் இடவலம் புரட்டி அச்சிடுங்கள். துணியில் ஏறும்போது நேராகிவிடும். இதை மறந்தால் முன்னர் சொன்ன தவறுதான், முழுப் பிளட்டூனும் வலது மார்பில் ரிப்பனோடு நிற்கும். கான்ட்ராஸ்ட்டைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள், ஏற்றத்தில் கொஞ்சம் இழப்பு உண்டு. ஏ4 அளவுக்கு அக்ரிலிக் ஜெல் மீடியம் (ஓவியர்கள் பயன்படுத்தும், உலர்ந்தால் தெளிவாகும் பசை) 30 முதல் 40 மி.லி. போதும். அச்சின் முகப்பில் சீராகப் பூசி, கஞ்சி இல்லாத பருத்தித் துணியில் கவிழ்த்து, பிளாஸ்டிக் ஸ்கேலால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளிக் காற்றை வெளியேற்றுங்கள். 24 மணி நேரம் தொடாதீர்கள், மழைக்காலத்தில் 36. பிறகு பின்புறத்தை ஸ்பாஞ்சால் நனைத்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் காகிதம் திரித்திரியாக வரும். உலர்ந்ததும் மீண்டும் வெண்மை படரும். அது மிச்சமிருக்கும் காகித நார், மறுபடி நனைத்துத் தேயுங்கள். மூன்று நான்கு சுற்று ஆகும். கடைசியில் அதே மீடியத்தை மெல்லிய ஒரு பூச்சு. சரியாக உலராமல் தேய்த்தால் படமும் காகிதத்தோடு வந்துவிடும். ஜெல் கனமாகிவிட்டால் தோல் போல உரியும். அழுத்தித் தேய்த்தால் முகங்களில் ஓட்டை விழும். மூன்று நகல் அச்சிட்டு வைத்துக்கொண்டு முதல் இரண்டைப் பழக்கத்துக்குக் கொடுங்கள். தாத்தாவின் தனிப்படத்தை மட்டும் இப்படி ஏற்ற வேண்டாம். முகத்தில் சிறு கீறல் விழுந்தாலும் கண் அங்கேதான் போகும். இப்படி ஏற்றிய துணி நன்றாக உலர இரண்டு வாரமாவது திறந்த இடத்தில் இருக்கட்டும். வாசனை போகாத துணியைப் பெட்டிக்குள் மூடக் கூடாது.

கடிதத்தில் எந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது? முகவரிப் பக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள். 56 ஏ.பி.ஓ. என்றோ 99 ஏ.பி.ஓ. என்றோ (ராணுவ அஞ்சலக எண்) இருக்கும், எங்கே இருந்தார் என்பதை வீட்டுக்கே சொல்ல முடியாத காலத்தின் அடையாளம் அது. பாட்டிக்கு எழுதிய வரிகளைக் கூடத்தில் மாட்டுவதற்கு முன் பாட்டியிடம் கேளுங்கள். அவர் இல்லையென்றால், நலம் விசாரிக்கும் நாலு வரி போதும். மடிப்புக் கோடு, முத்திரை எல்லாம் தெரிய அசல் அளவிலேயே மேட் பேப்பரில் அச்சிட்டு, அசல் போலவே மடித்து விரித்து வையுங்கள். தட்டையாக ஒட்டினால் உயிரில்லாமல் இருக்கும். நகல்களை மட்டும் அமிலமற்ற காகித மூலைகளில் செருகி நிறுத்துங்கள். மைதாப் பசை பூச்சிக்கு விருந்து. பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அதிலுள்ள செம்பு காகிதத்தைச் சீக்கிரமே பழுப்பாக்கி நொறுக்கும். செலோடேப் கதையும் அதுதான். உடனடிப் பசையை மூடிய பெட்டிக்குள் பயன்படுத்தினால் அதன் ஆவி கண்ணாடியிலும் பதக்கத்திலும் வெள்ளைப் படலமாக உறையும்.

பூட்டும் வேலைக்கு வருவோம். முதலில் எல்லாவற்றையும் பலகையின் மேல் பரப்பி, மேலிருந்து ஒரு படம் எடுத்து, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மறுநாள் எதையாவது நகர்த்தத் தோன்றும். பிறகு பென்சிலால் புள்ளி வைத்து, 2 மி.மீ. டிரில்லால் துளை போடுங்கள். ஏ.சி.பி. துளையின் ஓரம் பிளேடு போல இருக்கும்; உப்புத்தாளால் இரு பக்கமும் தேய்க்காவிட்டால் ஒரு வருஷத்தில் நூலை அறுத்து, ஒரு நாள் காலையில் பதக்கம் அடியில் கிடக்கும். பலகையின்மேல் வெள்ளை ஈ.பி.இ. ஃபோம் (பாலித்தீன் ஃபோம், ரப்பர் அல்ல) மெல்லியதாக ஒன்று, அதன்மேல் துணி; துணியைப் பின்புறம் இழுத்துக் குறுக்கும் நெடுக்குமாக நூலால் பிணைத்து இறுக்குங்கள். பதக்கங்கள் ஒரே பின்னில் கோத்திருந்தால் அந்தப் பட்டையை மூன்று இடங்களில் 0.2 மி.மீ. நைலான் தூண்டில் நரம்பால் பலகையோடு சேர்த்துக் கட்டுங்கள். ஒரு பதக்கம் கிட்டத்தட்ட 25 முதல் 30 கிராம். ஏழும் பின்னும் சேர்ந்து கால் கிலோவை நெருங்கும், துணி மட்டும் தாங்காது. ஒவ்வொரு பதக்கத்தின் கொக்கிக்குக் கீழும் தளர்வாக இன்னொரு சுற்று வேண்டும். இல்லாவிட்டால் கதவு அடிக்கும்போதெல்லாம் ஒன்றோடொன்று மோதி விளிம்பில் வடு விழும். நைலான் வழுக்கும், ஒற்றை முடிச்சு அவிழ்ந்துவிடும். மூன்று முடிச்சுப் போட்டு நுனியை 5 மி.மீ. விட்டு வெட்டுங்கள். பேட்ஜின் பின்புறம் இரண்டு காதும் ஒரு பின்னும் இருக்கும், அவற்றுக்கே துளை போட்டால் போதும். 1803-ல் நடந்த அஸாயே போரின் நினைவாக மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வந்த யானை அந்தப் பேட்ஜில் இருக்கிறதா பாருங்கள். வேறு சின்னம் என்றால் அவர் வேறு பிரிவிலும் பணியாற்றியிருக்கலாம். டிஸ்சார்ஜ் புக்கோடு ஒப்பிடாமல் தகடு அடிக்காதீர்கள்.

தகட்டுக்குப் பித்தளை, 10 செ.மீ.க்கு 3 செ.மீ., பொறித்த எழுத்து. ரேங்க், பெயர், பட்டாலியன், சேர்ந்த ஆண்டு, ஓய்வு ஆண்டு. இவ்வளவே. ஓய்வின்போது கௌரவ நாயிப் சுபேதார் ஆக்கப்பட்டிருந்தால் "கௌரவ" என்ற சொல் சேர வேண்டும். 1965 வரை நாயிப் சுபேதாருக்கு ஜமேதார் என்றுதான் பெயர். பழைய ஆவணத்தில் அப்படி இருந்தால் குழம்ப வேண்டாம். முதுமையில் வீட்டில் காலமானவருக்கு "வீரமரணம்" என்று போடும் வழக்கம் இருக்கிறது. பதினேழு வருஷம் நின்றவருக்கு அந்தச் சொல் தேவையில்லை. களத்தில் வீழ்ந்தவர்களுக்கு அதை விட்டுவையுங்கள்.

முகப்புக்கு 3 மி.மீ. கண்ணாடி. இந்த அளவுக்கு அது 2 கிலோ. அக்ரிலிக் எடை குறைவு, ஆனால் நிலைமின்சாரத்தால் துணி இழைகளை இழுத்து ஒட்டிக்கொள்ளும், துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலே பாதிக் காரியம் முடிந்தது. மூடுவதற்கு முன் உள்ளே 25 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கீழ் ஓரத்தில் சட்டத்துக்குப் பின்னால் மறைத்து வையுங்கள். நாப்தலின் உருண்டை வேண்டாம், அதன் ஆவி உள்ளேயே மறுபடி படிகமாகப் படியும். மூடுவதற்கு ஈரமில்லாத வெயில் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி மழையில் மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்து மூடுகிறீர்கள். பின்பலகையை ஆணி அடிக்காமல் ஸ்க்ரூ போட்டு, விளிம்பில் அலுமினிய டேப் ஒட்டுங்கள்.

மொத்த எடை 5 கிலோவைத் தாண்டும். ஒற்றை ஆணி போதாது. இரண்டு 6 மி.மீ. ராவல் பிளக், இரண்டு கொக்கி. மழைச்சாரல் படும் வெளிச்சுவர் வேண்டாம், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரும் வேண்டாம். பிரேமின் கீழ் மூலைகளில் பின்புறம் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளியில் காற்று ஓடும். ஈரமும் கரையானும் நேரே ஏறாது.

தமிழ் வீட்டில் மறைந்தவர் படம் என்றால் பொட்டும் மாலையும் விளக்கும் உண்டு, அதை நிறுத்தச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. சந்தனத்தைத் தண்ணீராகக் கரைக்காமல் கெட்டியாகக் குழைத்துக் கண்ணாடியின் நடுப்பகுதியில் இடுங்கள். ஓரத்தில் இட்டால் கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவே வழிந்து உள்ளே இறங்கும். பூமாலையின் ஈரமும் அப்படித்தான். மேல் விளிம்பில் இரண்டு சிறு கொக்கி வைத்து மாலை கண்ணாடியைத் தொடாமல் தொங்கவிடலாம். எண்ணெய் விளக்கும் சாம்பிராணியும் பிரேமுக்கு நேர் கீழே வேண்டாம். ஒரு முழம் தள்ளி, பக்கவாட்டில் சிறிய தட்டு அடித்து வையுங்கள்.

அண்ணன் தம்பிகள் நான்கு பேர், பதக்கம் ஒரு செட் என்றால் பதக்கங்களைப் பிரிக்காதீர்கள். ஒருவரிடம் ஒன்று என்று போனால் அடுத்த தலைமுறையில் அவை யாருடையவை என்றே தெரியாது. அசல் ஒரே வீட்டில் இருக்கட்டும். மற்ற வீடுகளுக்கு அதே அச்சுகளோடு, பாதி அளவில் கிடைக்கும் மினியேச்சர் பதக்கங்களை வைத்துச் செய்யுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் "நகல்" என்று எழுதி, அசல் யாரிடம் இருக்கிறது என்பதையும் குறித்துவிடுங்கள்.

பிரேமின் முதுகில் ஒரு உறை ஒட்டுங்கள். விளிம்புகளின் படங்கள், குரூப் போட்டோவில் தாத்தா எத்தனையாவது வரிசையில் எத்தனையாவது ஆள், பக்கத்தில் நிற்பவர்களின் பெயர் தெரிந்தால் அதுவும், எந்த ஸ்க்ரூவைக் கழற்றித் திறப்பது, உள்ளே என்ன பசை, என்ன துணி. பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

அசல் காகிதங்கள் பரணில் போக வேண்டாம். ஓட்டுக்கு அடியில் இருக்கும் சூட்டில் காகிதம் அப்பளமாகும். கடிதங்களை விரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாலிப்ரோப்பிலீன் உறையில் போட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, இரும்பு பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். சுவடிக் கட்டுகளோடு வைப்பார்களே அந்த வசம்புத் துண்டைத் துணிமுடிச்சில் கட்டி, காகிதத்தில் படாமல் ஓரமாகப் போடலாம். வருஷத்துக்கு ஒரு முறை, தை வெயிலில், பீரோவைத் திறந்து பூச்சி அரித்த பொடி இருக்கிறதா என்று பாருங்கள். அன்றைக்கே பிரேமின் அடியில் கழன்று விழுந்தது ஏதும் தெரிகிறதா என்பதையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம்.